மெஷினில் அழுத்தினால் ஃபோல்டரில் வந்து சேர: நெட்வொர்க் ஸ்கேனர் அமைக்கும் முறை

காரைக்குடியைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மெஷின் இணைப்பு வேலை செய்வது என் தொழில். தேவகோட்டை வக்கீல் அலுவலகம், காரைக்குடி ஆடிட்டர் அலுவலகம், பத்திரம் எழுதும் இடம், புதுவயல் அரிசி ஆலை என்று எங்கே போனாலும் பெரிய மெஷின் ஒன்று மூலையில் நிற்கிறது. நகல் எடுக்கிறது, பிரிண்ட் போடுகிறது. ஸ்கேன் என்றால் மட்டும் பென்டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷினுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பென்டிரைவிலேயே போன மாதம் வந்த வேறொரு கட்சிக்காரரின் தாய்ப்பத்திரமும் கிடக்கும். அதை மகன் படம் பார்க்க வீட்டுக்கு எடுத்துப் போவான். எனக்குப் பொறுக்காத விஷயம் இது.

மெஷினை நெட்வொர்க்கில் சரியாகக் கட்டிவிட்டால் பென்டிரைவே வேண்டாம். ஆனால் “எப்படியாவது வந்தால் போதும்” என்று, வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்து, ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட்டுப் போகிற வேலையும் இங்கே நிறைய நடக்கிறது. அப்படிச் செய்யாமல், ஸ்கேனும் வர வேண்டும், காகிதமும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்கான வழியை எழுதுகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்துச் சொல்கிறேன், இங்கே அதுதான் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் இரண்டு விதமாக வரும். மெஷின் பக்கத்தில் நின்று, அதன் திரையில் பெயரைத் தொட்டு, காகிதத்தை அனுப்புவது ஒரு விதம். இதில் மெஷின்தான் கம்ப்யூட்டரைத் தேடி வருகிறது. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைத் திறந்து, அங்கிருந்து மெஷினை இயக்கிப் படத்தை இழுப்பது இன்னொரு விதம். பத்திரக்கட்டு, கணக்குக்கட்டு என்று மொத்தமாக வரும் இடத்துக்கு முதல் விதம்தான் ஏற்றது. பழைய கடிதம், புகைப்படம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுக்க இரண்டாவது. முதலாவதை விரிவாகச் சொல்லிவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன்.

கேபிளா, வைஃபையா

எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளுக்குக் கேபிள்தான். காரணம் சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடிமனான சுவர்கள் வைஃபையை விழுங்கிவிடும். ரவுட்டர் முகப்பில் இருக்கும், மெஷினை இரண்டாம் கட்டில் வைத்திருப்பார்கள், நடுவே வளவு, அதாவது திறந்த முற்றம். செல்போனில் ஒரு கோடு சிக்னல் தெரியும், ஸ்கேன் பாதியில் நின்றுபோகும். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கடப்பதில் 2.4-ஐவிட மோசம். பல மெஷின்களுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் மெஷினின் திரையில் உங்கள் வைஃபை பெயரே வராது.

கேபிள் இழுக்கும்போது சுவரைத் துளைக்க மனம் வராது. துளைக்கவும் கூடாது. அந்தப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச இன்று ஆள் கிடைப்பது கடினம். தாழ்வாரத்து ஓரமாக, உத்தரத்தின் மேல்புறம் மறைவாகக் கொண்டுபோகலாம். வளவில் வெயிலும் மழையும் படுகிற இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் போடுங்கள், உள்ளே போடுகிற கேபிள் வெயிலில் வெடித்துவிடும். ஒரே ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீளும் வீடுகளில், வளைந்து வளைந்து போகும் கேபிளை இழுக்கும் முன் அளந்து பாருங்கள். தாண்டினால் நடுவில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருந்தால் மெஷினை அதில் இணைக்காதீர்கள். அதில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவிடும். இந்தப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக நடத்துகிறவர்களிடம் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

மெஷினுக்கு மாறாத முகவரி

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சே. கரண்ட் போயி வந்ததும் ஏன் வரலை?”

கேள்வியிலேயே விடை இருக்கிறது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி எண்ணைக் கொடுக்கிறது. பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரம் நின்று திரும்ப வரும்போது எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழுந்து எண் கேட்கின்றன. நேற்று கம்ப்யூட்டருக்கு 192.168.1.20 என்றால், இன்று அது 192.168.1.23 ஆகியிருக்கலாம். மெஷின் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.

மெஷின், கம்ப்யூட்டர் இரண்டுக்கும் எண்ணை நிலையாக்குங்கள். இதை ரவுட்டரில் செய்வதே நல்லது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் டிஎச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும். அங்கே கருவியின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கென்றே இருக்கும் அடையாள எண்ணைக் கொடுத்து, இதற்கு எப்போதும் இந்த எண் என்று எழுதிவிட வேண்டும். மெஷினின் மேக் முகவரி அதன் நெட்வொர்க் நிலவர அறிக்கையில் அச்சாகும். கம்ப்யூட்டருடையதை விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க் விவரத்தில் பார்க்கலாம். விண்டோஸில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ என்று ஒரு வசதி உண்டு. வைஃபையில் இணைத்த கம்ப்யூட்டரில் அது ஆனில் இருந்தால் ரிசர்வேஷன் நிற்காது, அணைத்துவிடுங்கள்.

இணைய நிறுவனத்தார் வந்து ரவுட்டரை மாற்றிக் கொடுத்தால் இந்த அமைப்பு முழுவதும் போய்விடும். அதனால் எண்களை ஒரு தாளில் எழுதி மெஷினின் காகிதத் தட்டுக்குப் பின்னால் ஒட்டி வைப்பேன். பாஸ்வேர்டை அல்ல, எண்களை மட்டும்.

கம்ப்யூட்டரில் ஃபோல்டர்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பல மெஷின்களுக்குத் தமிழ் எழுத்து புரியாது. டெஸ்க்டாப்பிலும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளும் வைக்க வேண்டாம். ஒன்டிரைவ் அதை அப்படியே இணையத்துக்கு ஏற்றிவிடும். கட்சிக்காரர் பத்திரம் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

அடுத்து மெஷினுக்கென்று ஒரு தனி யூசர். முதலாளியின் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷினில் எழுதி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். மெஷினின் நினைவில் இருப்பது நாளை யார் கையிலும் போகலாம். முதலாளியின் பாஸ்வேர்டு போனால் முழுக் கம்ப்யூட்டரும் போனது. மெஷினின் யூசர் போனால் அந்த ஒரு ஃபோல்டர் மட்டும்தான். ஒரு வீட்டில் பங்குள்ள புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்) அத்தனை பேரும் கூடத்தைப் புழங்கினாலும், அவரவர் அறைக்கு அவரவர் சாவிதானே? அப்படித்தான் இதுவும்.

விண்டோஸ் புரோ பதிப்பு என்றால் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ‘லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்’ போய்ப் புதிய யூசர் சேருங்கள். ‘யூசர் மஸ்ட் சேஞ்ச் பாஸ்வேர்டு’ என்ற டிக்கை எடுத்துவிட்டு, ‘பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். இதைப் போட மறந்தால் விண்டோஸின் இயல்பான கணக்குப்படி 42 நாளில் பாஸ்வேர்டு காலாவதியாகும். ஒன்றரை மாதம் அருமையாக ஓடிய மெஷின் ஒரு காலையில் திடீரென்று லாகின் ஃபெயில்டு என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். ஹோம் பதிப்பில் இந்தத் திரை கிடையாது. அமைப்புகளில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாத யூசரைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ்வேர்டு எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கட்டும். மெஷின் திரையில் அடிக்கச் சிரமமான குறிகளைத் தவிருங்கள். கம்ப்யூட்டரைத் திறக்க நீங்கள் அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண் நெட்வொர்க் வழியாகச் செல்லாது. மெஷினில் அதைப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தவிப்பவர்கள் பலர்.

பிறகு ஃபோல்டரின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்ட் ஷேரிங். ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ டிக் செய்து, பெர்மிஷன்ஸில் ‘எவ்ரிஒன்’ என்று இருப்பதை நீக்கிவிட்டு, மெஷினின் யூசரைச் சேர்த்து ‘சேஞ்ச்’, ‘ரீட்’ இரண்டும் கொடுங்கள். இதோடு முடியவில்லை. பக்கத்தில் செக்யூரிட்டி என்று இன்னொரு தாவல் இருக்கிறது. அங்கேயும் அதே யூசருக்கு ‘மாடிஃபை’ கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அனுமதி இருந்தால்தான் எழுத முடியும், எது கடுமையோ அதுவே செல்லும். அலுவலகத்தில் மற்றக் கம்ப்யூட்டர்களிலிருந்து இந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டியவர்களுக்கு அவரவர் பெயரில் யூசர் கொடுங்கள். மெஷினின் பாஸ்வேர்டை மனிதர்கள் பயன்படுத்த வேண்டாம்.

நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்க வேண்டும். ‘பப்ளிக்’ என்று இருந்தால் விண்டோஸ் வெளியாள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். ஃபயர்வாலில் ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ பிரைவேட்டுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கட்டும். இந்தப் போக்குவரத்து நடப்பது 445 என்ற போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாசலில். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கும் தனி ஃபயர்வால் இருக்கும், அதிலும் பாருங்கள். கம்ப்யூட்டர் தூங்கப்போகாதபடி ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை.

மெஷினில் எழுத வேண்டியது

கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து மெஷினின் ஐபி எண்ணை அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் வரும். கேனனில் ரிமோட் யூஐ என்பார்கள், ரிக்கோவில் வெப் இமேஜ் மானிட்டர், கியோசெராவில் கமாண்ட் சென்டர். பெயர்தான் வேறு. உள்ளே போனதும் முதல் வேலையாக, கம்பெனி வைத்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அது அந்த மாடலின் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும், யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

அட்ரஸ் புக்கில் புதிய பெயர் சேர்த்து, வகை எஸ்எம்பி என்று தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறைக்கு அதுதான் பெயர். ஹோஸ்ட் என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் ஐபி எண். பாத் என்ற இடத்தில் ஷேர் பெயர் மட்டும், அதாவது ஃபோல்டரை ஷேர் செய்தபோது அதற்கு வைத்த பெயர். டி டிரைவ் என்றெல்லாம் எழுதக் கூடாது, மெஷினுக்கு உங்கள் டிரைவ் தெரியாது. சில மாடல்களில் இரண்டும் ஒரே கட்டத்தில் கேட்கும். அப்போது இரண்டு பின்சாய்வுக்கோடு, ஐபி எண், ஒரு பின்சாய்வுக்கோடு, ஷேர் பெயர் என்ற வரிசையில் அடியுங்கள். யூசர் பெயரை மட்டும் கொடுத்து ஏற்கவில்லை என்றால், கம்ப்யூட்டரின் பெயர், பின்சாய்வுக்கோடு, யூசர் பெயர் என்று கொடுத்துப் பாருங்கள். மெஷினின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் வருடக்கணக்கில் பின்தங்கிய மெஷினைக் கம்ப்யூட்டர் நம்ப மறுப்பதுண்டு.

பெயர் வைக்கும்போது “ஸ்கேன் 1”, “ஸ்கேன் 2” என்று வைக்காதீர்கள். ஆடிட், கோர்ட், வீட்டுக் காகிதம் என்று வேலையின் பெயரில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் கொடுத்தால், எட்டு மணிக்கு வந்து மெஷின் முன் நிற்கும் பையன் யோசிக்க வேண்டியதில்லை.

வரவில்லை என்றால்

மெஷினையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் அந்த ஷேரின் பாதையை அடித்து, மெஷினின் யூசரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சின்னக் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். அது நடந்தால் கம்ப்யூட்டர் சரி, கோளாறு மெஷின் பக்கம். நடக்காவிட்டால் மெஷினைத் தொடவே வேண்டாம், மேலே சொன்ன யூசர், அனுமதி, ஃபயர்வால் மூன்றையும் திரும்பப் பாருங்கள். பாதி நாள் வேலையை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

கம்ப்யூட்டர் சரி, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் மெஷின் இணையவில்லை என்றால் பெரும்பாலும் எஸ்எம்பி பதிப்புத் தகராறு. பழைய மெஷின்கள் எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதை நிறுத்தியது. ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ போய் அதைத் திரும்ப ஆன் செய்தால் ஸ்கேன் உடனே வரும். அதனால்தான் பலர் அப்படிச் செய்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் செய்வதில்லை, நீங்களும் செய்ய விடாதீர்கள். தலைமுறைச் சொத்தின் பத்திரங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் அது.

அதற்குப் பதில் செய்யக்கூடியவை உண்டு. மெஷினின் நெட்வொர்க் அமைப்பில் எஸ்எம்பி 2 அல்லது 3 என்று தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். பல மாடல்களில் வசதி இருந்தும் அணைந்து கிடக்கும். இல்லையென்றால் மெஷினுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாகப் போட்டால் வருமா என்று விற்றவரிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், நெட்வொர்க்கில் கோப்பை அனுப்பும் இன்னொரு முறையான எஃப்டிபி வழி. கம்ப்யூட்டரில் ஃபைல்ஸில்லா சர்வர் போன்ற ஒன்றை நிறுவி, மெஷினின் யூசருக்கு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் காட்டலாம். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் என்பதால் அதை உள் நெட்வொர்க்கோடு நிறுத்துங்கள், ரவுட்டரில் வெளியே திறந்துவிடாதீர்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு நின்றுபோனால் காரணம் வேறு. அதில் புரோ பதிப்பு, எஸ்எம்பி போக்குவரத்துக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம் என்கிறது. மெஷினில் எஸ்எம்பி சைனிங் என்ற அமைப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நுழைய வைத்திருந்த பழைய ஏற்பாடுகளும் இதோடு சேர்ந்து படுத்துவிட்டன. அவை போனது நல்லதுதான்.

மின்னஞ்சலுக்கு அனுப்பும் வழியும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிமெயில் 2022 மே இறுதியோடு சாதாரணப் பாஸ்வேர்டை மெஷின்களிடமிருந்து ஏற்பதை நிறுத்தியது. கூகுள் கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுத்து மெஷினில் போடுங்கள். போர்ட் 587, டிஎல்எஸ் ஆன். 25 எம்பிக்கு மேல் இணைப்பு போகாது என்பதால் முப்பது பக்க வண்ணப் பத்திரத்துக்கு இது ஒத்துவராது.

கம்ப்யூட்டரிலிருந்து இழுப்பது

மெஷின் கம்பெனியின் தளத்திலிருந்து ஸ்கேன் டிரைவரை இறக்குங்கள். பிரிண்ட் டிரைவர் வேறு, ஸ்கேன் டிரைவர் வேறு. பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் இல்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மென்பொருளுக்கு நான் போடுவது நாப்ஸ்2. இலவசம், எளிது. ட்வைன், டபிள்யூஐஏ, இஎஸ்சிஎல் மூன்று வழியிலும் மெஷினைத் தேடும். இஎஸ்சிஎல் என்பது டிரைவரே இல்லாமல் வேலை செய்யும் முறை, புதிய மெஷின் என்றால் அதை முதலில் முயலுங்கள். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் இமேஜ் கேப்ச்சர் போதும். நாப்ஸ்2-இல் படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆருக்கான தமிழ் மொழிக்கோப்பை இறக்கிக்கொண்டால் அச்சிட்ட தமிழில் சொல் தேட முடியும். கையெழுத்தை அது படிக்காது.

அலுவலகக் காகிதத்துக்கு 200 முதல் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), கறுப்பு வெள்ளை அல்லது கிரே. முத்திரைத்தாள் பத்திரத்துக்கு 300, வண்ணம். முத்திரையும் கைநாட்டும் வண்ணத்தில்தான் தெளிவாகத் தெரியும். ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் ஏறக்குறைய 26 எம்பி ஆகும், பிடிஎஃப் அதைச் சுருக்கிக்கொள்ளும்.

வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் பழைய பேரேடு, பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த கடிதம், மொய்க் கணக்கு இவற்றை மேலே இருக்கும் ஃபீடரில் ஒருபோதும் போடாதீர்கள். உருளை இழுக்கும்போது மடிப்பில் கிழியும், அது திரும்ப ஒட்டாது. கண்ணாடியில் ஒவ்வொன்றாக வைத்து 400 அல்லது 600-இல் எடுங்கள். நூல் தைத்த பேரேட்டை அழுத்தி விரிக்க வேண்டாம், கேமராவில் படம் எடுப்பதே அதற்கு நல்லது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்தவைதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமாயின. அவர் சேர்த்ததில் நோட்டீசும் அழைப்பிதழும்கூட இருந்தன. உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது வெறும் கணக்கு என்று நினைத்து, ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. இங்கே பல அலுவலகங்களில் நிற்பது செகண்ட்ஹேண்ட் மெஷின். பெரிய மாடல்களுக்குள் ஹார்டு டிஸ்க் உண்டு, நகல் எடுத்ததும் ஸ்கேன் செய்ததும் அதில் தங்கியிருக்கலாம். அட்ரஸ் புக்கும் யூசரும் பாஸ்வேர்டும்கூட அதில்தான் இருக்கும். மெஷினை விற்கும் முன், எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன், நிர்வாகப் பக்கத்தில் எல்லாத் தரவையும் அழிக்கும் தேர்வைத் தேடி இயக்குங்கள். ‘இனிஷியலைஸ் ஆல் டேட்டா’, ‘டேட்டா ஓவர்ரைட்’ என்ற மாதிரிப் பெயரில் இருக்கும், முடிய நேரம் பிடிக்கும், நடுவில் அணைக்காதீர்கள். வாங்கியவர் வண்டியோடு வாசலில் நின்றாலும் அது முடிந்த பிறகே ஏற்றி அனுப்புங்கள். அப்படியே கம்ப்யூட்டரில் மெஷினுக்கென்று வைத்த யூசரையும் நீக்கிவிடுங்கள். புதிய மெஷின் வந்ததும் புதிய பாஸ்வேர்டோடு வேறொரு யூசர் உண்டாக்கிக்கொள்ளலாம்.